அரைக் கிலோ தும்பு

எண்பத்தையாயிரம் என்றார் குஷன்கடை நிஸ்தார்,
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே,
ஏதோ இரக்கப்பட்டுக் குறைத்த மாதிரி.
சீட்டுக்காசில் கார் வாங்கியவளிடம்
மிச்சம் கிடந்தது பதினெட்டு.
"றெக்ஸின் மட்டும் வெட்டித் தாங்க."
நாலரை மீற்றர், கடும் மண்ணிறம்.
மடிப்புத் தழும்பு விழுந்த துண்டு என்பதால்
மீற்றருக்கு முந்நூறு குறைவு.
கல்முனையிலிருந்து பஸ்ஸில்
மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்,
பிள்ளைத்தாச்சி என்று யாரோ இடம் தந்தார்கள்.

களுவாஞ்சிகுடியில், எங்கள் வளவில்
தகரப் பத்திக்குக் கீழே நிற்கிறது ஒஸ்டின்.
ஓடும். பிரேக் பிடித்தால் நிற்கும்.
ஏறி இருந்தால்தான்
கோழிக்கூட்டுக்குள் குந்தின மாதிரி.

கதவுக்குப் பலகை அலுமாரியின் முதுகு.
பேப்பரில் அளவெடுத்து, அரிவாளால் அரிந்து,
கண்ணாடி சுற்றும் பிடிக்கு ஓட்டை போட்டேன்
ஒரு விரல் தள்ளி.
ஓட்டையை மூடப் போத்தல் மூடி ஒன்று.
அலுமாரிக்கு முதுகில்லை என்பது
சுவருக்கு மட்டும்தான் தெரியும்.

கூரைக்கு மருதமுனைச் சாரம் இரண்டு,
தையல் பிரித்து, கட்டத்தோடு கட்டம் பொருத்தி.
பசை கூரையில் ஒட்டியது பாதி,
தலைமயிரில் மீதி.
பின்கண்ணாடிக்கு மேலே ஒரு சுருக்கம்,
இழுக்க இழுக்க இடம் மாறுகிறதே தவிரப்
போகிறதில்லை.
"காருக்கும் சாரம் உடுத்தியாச்சா?"
தவேந்திரன் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து
பார்த்துவிட்டுப் போனார்.

பின்னாசனம் பிறகு.
மண்ணெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவைத்தும்
கடைசி நட்டு அசையவில்லை.
போயா தினம் முழுக்க அதோடு போனது.
தூக்கினால்: ஆற்று மணல், புளியங்கொட்டை,
இருபத்தைந்து சதம், கொண்டையூசி.
மேல்தோல் பச்சை.
உரித்தால் சிவப்பு.
அதையும் உரித்தால் மாச்சாக்கு,
எழுத்துப் பாதி அழிந்து.
அதற்குக் கீழே
நெளிந்த சுருள்கம்பிகளை
நைலோன் நூலால் இழுத்துக் கட்டியிருந்தது யாரோ.
வலைக்காரர் போடும் முடிச்சு.
அந்தக் காலத்து எண்பத்தையாயிரம் எவ்வளவோ,
அது அவரிடமும் இருந்திருக்காது.

பிளேட்டை எடுத்தேன்.
முடிச்சுகள் எல்லாம் இடப்பக்கம் சாய்ந்து கிடந்தன.
இடக்கைக்காரராக இருக்கலாம்.
இல்லாவிட்டால் இப்படித்தான்,
என்னைப்போல், கால் வெளியே தலை உள்ளே
கிடந்து கட்டியிருக்கலாம்.
பிளேட்டைத் திரும்ப வைத்தேன்.
அறுந்த இடங்களில் மட்டும்
என் முடிச்சைப் போட்டேன், செருப்புக்கட்டுகிற முடிச்சு,
அதுதான் எனக்குத் தெரியும்.

சாக்கூசி இரண்டு முறிந்தது.
திங்கட்கிழமை பிரதேச சபையில்
பிளாஸ்டர் விரலால் வரி றசீது எழுதும்போது
"என்ன மிஸ், மீன் வெட்டினீங்களா?"
"ஓம். பெரிய மீன்."

முன்னாசனத்துக்குக் கல்லாற்றுத் தும்பு, மூன்று கிலோ.
கிலோ நூற்றியிருபதுக்குக் கிடைக்கிறதே என்று
திணித்தேன், திணித்தேன்,
குறைந்த விலையில் வாங்கியதற்குத்தான்
கை தாராளம்.
தழும்பை ஆசனத்தின் அடிப்பக்கம் மறைத்துத்
தைத்து முடித்தபோது
அடடா, கலியாணப் பலகாரம்போல் உப்பி
மினுமினுத்தது.

"ஏறுங்கோ."
தவேந்திரன் ஏறினார்.
ஏறினவர் அப்படியே இருந்தார்,
தலை கூரையில் முட்டி, கழுத்து ஒருபக்கம் சரிந்து,
இரண்டு கையும் ஸ்டியரிங்கில், மரியாதையாக.
"றோட்டு தெரியுதா?"
"மருதமுனைதான் தெரியுது."

மறுகா என்ன,
பதினாறு தையல் பிரித்து
அரைக் கிலோ தும்பைப் பிடுங்கினேன்.
பிரித்த வாயைத் திரும்பவும் தைத்தேன்,
முதல் தையலைவிட இது கோணல்.
மீண்டும் ஏறினார்.
நெற்றி தப்பிவிட்டது.
றோட்டு, படலை, படலையில் நிற்கிற நாய்
எல்லாம் தெரிகிறதாம்.
உச்சி மட்டும் இன்னும் தொடுகிறது.

முடி வெட்டுங்கோ என்றேன்.